இரைச்சல்

மதிய வெயில் ஜன்னல் கம்பி வழியாகத் தறிமேல் விழுகிறது. தறியில் பாதி நெய்த பட்டுப்புடவை, அதன் கரையில் என் மனைவி ஹேமலதா தானே யோசித்து வரைந்த புளியம்பூக் கொடி. அவள் மடியில் கடைத்தெருவில் வாங்கிவந்த பவர்லூம் புடவை, அதே புளியம்பூக் கொடியோடு. ஒவ்வொரு பூவாகத் தடவிப் பார்க்கிறாள். "நம்ம புடவை இன்னும் தறிய விட்டே எறங்கல. அதுக்குள்ள எப்படிங்க?" மூலையில் மூடி கழற்றிய பழைய கம்ப்யூட்டர் இரைந்துகொண்டிருக்கிறது. என் வெப்சைட் அதற்குள்தான் இருக்கிறது. எந்த ஊரில் யார் திறந்தாலும் அந்தப் பெட்டிதான் எடுத்துக்கொடுக்கிறது. அந்தக் கொடியை அவள் வரைந்த கிராஃப் தாளை ஸ்கேன் செய்து, பெருமைக்காக, முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன். அவளைக் கேட்கவில்லை. இதுவரை இருநூற்றுப் பதினொரு பேர் பார்த்திருப்பதாகத் திரை சொல்கிறது. "என் டிசைனப் பாத்துத் தறிக்கு ஓட்ட அட்டை அடிச்சுக் குடுத்தானே பாலமுருகன், அவன்தான் அத்த வித்துட்டான். அவனப் போயி நம்பிகினு இருந்தேன் பாருங்க. இப்பவே கேட்டுட்டு வரேன்." செருப்பைத் தேடுகிறாள். என் கை பெட்டியின் பின்னால் போய் ஸ்விட்சை அணைக்கிறது. மூன்று மாத இரைச்சல் சட்டென்று நிற்கிறது. ஒற்றைச் செருப்போடு வாசலில் திரும்பிப் பார்க்கிறாள். "கரண்டு இருக்குதே. அத்த தொடவே கூடாதும்பீங்க, ஏன் நிறுத்திட்டீங்க?"