எதிர்ப் பக்கத்து வக்கீல்

“கறுப்புக் கோட்டைக் கழற்றியாச்சும்மா. இனிமே எந்தக் கேசும் வேண்டாம். ஊருக்குப் போ.”

கிறிஸ்துதாஸ் கதவைச் சாத்தப் போனார். வாசலில் நின்ற ஆராயி நகரவில்லை. மாரமங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸில் ஏற்காடு வந்தவள். மழைத் தண்ணீர் முந்தானையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

“ஏனுங்கய்யா, பாரஸ்ட்டுக்காரங்க எங்க காட்டை அவங்க காடுங்கறாங்க. என்ற மாமனார் காலத்துல இருந்து சாமை வெதைக்கிற பூமிங்க. மொளகுக் கொடி இப்பத்தான் காய்ப்புக்கு வந்துருக்குது. அடுத்த வாரம் கோர்ட்டுல கடைசியாப் பேசறாங்களாம்.”

“சேலத்துல வக்கீல் வச்சிருப்பியே?”

“இருக்கறாருங்க. வாய்தா வாங்கறதோட சரி. சர்க்காரு பக்கம் எந்திரிச்சா இவரு வாயே தொறக்கறதில்லீங்க.”

உள்ளே வந்து உட்காரச் சொன்னார். அவருக்குக் களைப்பாக இருந்தது. முப்பது வருஷம் அரசாங்க வக்கீலாக இருந்தவர். இதே மாதிரி எத்தனையோ காடுகள், எத்தனையோ ஆராயிகள். சர்க்காருக்காக எழுந்து பேசுவார், ஜெயிப்பார். சாயங்காலம், தோற்றவர்கள் எந்த பஸ்ஸுக்குப் போவதென்று தெரியாமல் கோர்ட் வாசலில் நிற்பதைப் பார்க்காத மாதிரி காரில் ஏறுவார். சட்டம் படிக்கும்போது அவர் ஆசைப்பட்ட உத்தியோகம் இதுவல்ல. ஆனாலும் கொடுத்த வேலையில் குறை வைத்ததில்லை.

“ஆயுசு முழுக்க சர்க்காருக்குப் பேசினவன் நான். உன்னை மாதிரி ஆளுங்களைத் தோற்கடிச்சவன்.”

“தெரியுங்க. அதுக்குத்தானுங்க வந்தேன்.”

“முழங்கால் படி ஏறாதும்மா.”

“எம்பையன் தூக்கியாந்துருவானுங்க.”

“கண்ணும் மங்கிப்போச்சு. கேஸ் கட்டைப் படிக்க முடியாது.”

“படிச்சுச் சொல்ல ஆளு வெக்கறனுங்க.”

அவருக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எதிர்மேட்டுக் காப்பித் தோட்டத்தைப் பனி மறைத்துவிட்டிருந்தது. இவளிடம் சாக்குச் சொல்லித் தப்ப முடியாது என்று புரிந்தது.

“இதோ பாரும்மா, உள்ளதைச் சொல்லிடறேன். அன்னிக்கு உனக்கு எதிரா சர்க்காருக்குப் பேசப்போறது என் மகள். அந்த வேலைக்கு வந்து இன்னும் வருஷம் திரும்பல. பெத்த அப்பனே அவளுக்கு எதிர்ல போய் நிக்கறதா?”

“அதுவுந் தெரியுங்க” என்றாள் ஆராயி, ஈரத் தலையைத் துடைத்தபடியே. “அவங்கதானுங்க உங்க ஊட்டுக்கு வழி சொல்லி அனுப்புனாங்க. ‘எதிர்ல ஒழுங்காப் பேச ஆளில்லீன்னா நானே செயிச்சுப்போடுவேன், எப்படியாச்சும் எங்கப்பாவப் போயிப் புடிச்சுக்க’ன்னாங்க.”