மீசை வரைந்த முனியப்பன்

கோட்டை மலைக்கு ஏறும் வழியில் கண் மூடி உட்கார்ந்திருந்த சமணத் தீர்த்தங்கரர் சிலைக்கு, ஊரார் மீசை வரைந்து முனியப்பன் ஆக்கியிருந்தார்கள்.

ஆடி மாதம் ஒரு கிடாயை அதன் முன் நிறுத்தினார்கள். பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு, அது உடம்பைச் சிலுப்பட்டும் என்று காத்திருந்தார். கிடாய் அசையவில்லை.

“சாமி, என்னைத் தின்னவா போறீங்க?” என்று சிலையிடம் கேட்டது.

“நான் எறும்பைக்கூட மிதிச்சதில்லை. கொல்லாமைதான் என் விரதம்.”

“அப்போ இவங்ககிட்ட அதைச் சொல்லுங்களேன்.”

“ஆயிரம் வருஷமா மௌனத்துல இருக்கேன். கலைக்க முடியாது.”

“என்கிட்ட மட்டும் பேசுறீங்களே?”

“நீ போய் யார்கிட்டயும் சொல்லப் போறதில்லையே” என்றது சிலை.

கிடாய் தலையிலிருந்து வால்வரை ஒருமுறை சிலுப்பியது.

“சாமி உத்தரவு கொடுத்துட்டாரு” என்று பூசாரி அரிவாள்காரரைப் பார்த்தார்.