தொல்லை என்றொரு டேக்

“உன் எழுபதாயிரம் மெயிலையும் தேடுறதுக்கு வசதியா அட்டவணை போட்டாச்சு,” என்றான் கணவன், மனைவியின் கணினி முன் உட்கார்ந்தபடி.

“ஒருத்தர் மெயில் மட்டும் என் கண்ணுலயே படக்கூடாதுங்க.”

“அவர் முகவரியை இங்க அடி. அவர் மெயில் எல்லாத்துலயும் ‘தொல்லை’ன்னு டேக் விழுந்து, இன்பாக்ஸை விட்டே ஓடிடும்.”

அவன் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அடித்துவிட்டாள். திரையில் ‘தொல்லை: 1412’ என்றிருந்தது.

“இத்தனையா? எப்படித்தான் பொறுத்துக்கிட்டியோ,” என்று உச்சுக்கொட்டினான். “சரி, சோதிச்சுப் பார்ப்போம். நீ செய்யற தப்புகளை லிஸ்ட் போட்டு தினமும் உனக்கு அனுப்புவேனே, அதை இன்னைக்கு இன்னும் அனுப்பலை. அதையே அனுப்புறேன்.”

தன் போனிலிருந்து அனுப்பிவிட்டு, அவள் கணினியில் புது மெயிலை இழுக்கும் கமாண்டை அடித்தான். இன்பாக்ஸ் அசையவில்லை.

‘தொல்லை: 1413.’

எங்கே தப்பு என்று அவன் கமாண்டை மறுபடி படித்தான்.

“நீங்க செஞ்சதுல ஒரு தப்பும் இல்லைங்க,” என்றாள் மனைவி.