சாயங்காலத்துக் கட்டைவிரல்

"பதினாலு நாளும் கருவியில கட்டைவிரலை வச்சது நீங்கதானா?" நர்ஸ் குன்வோர் கேட்டாள்.

"வேற யாரு?" என்றார் சிக்ஸ்டன்.

பக்கத்திலிருந்த மனைவி மாய்லிஸ் தரையைப் பார்த்தாள்.

ஸ்வீடனின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊர். எழுபத்தைந்து வயதானவர்களை மட்டும் அழைத்து இதயப் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. இதயம் சிரமப்பட்டால் ரத்தத்தில் கூடுகிற ஒரு புரதம் சிக்ஸ்டனுக்குக் கொஞ்சம் அதிகம். அதனால் கையடக்க ஈசிஜி கருவியைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். காலையும் மாலையும் இரண்டு கட்டைவிரல்களையும் அரை நிமிஷம் அழுத்தினால் போதும். பதிவு தானாகவே கிளினிக்குக்கு வந்துவிடும்.

வந்த பதிவுகள்தான் குன்வோரைக் குடைந்தன. காலையில் கடிகாரம் மாதிரி சீராக ஓடிய இதயம், மாலையில் பல நாள் தாறுமாறாகத் துள்ளியது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். அலைகளின் உருவமே வேறாக இருந்தது.

"தாளம் மாறலாம். ஆனா இது ரெண்டும் ஒரே ஆளோட இதயம் மாதிரியே இல்லையே?"

"நான்தாம்மா வச்சேன்," என்றாள் மாய்லிஸ். "சாயங்காலமானா கை விறைச்சுப்போச்சு, கருவி பதிவு எடுக்க மாட்டேங்குதும்பான். இந்த வயசுலயும் வீட்டுப்பாடத்தை என் தலையில கட்டிட்டான்."

"சொல்லாதேன்னு சொன்னேனே," என்று முணுமுணுத்தார் சிக்ஸ்டன்.

குன்வோர் மாய்லிஸ் பக்கம் திரும்பினாள். "அப்போ தாளம் தப்புறது உங்களுக்கா? மூச்சு வாங்குதா?"

"படி ஏறினா வாங்கும். எழுபத்திரண்டு வயசுல வாங்காதா? எனக்கெல்லாம் ஒண்ணுமில்லை. என்னை யாரும் கூப்பிடவும் இல்லையே."

"இப்ப நான் கூப்பிடறேன். வாங்க."

உள்ளறையில் முழு ஈசிஜி எடுத்தார்கள். அதே துள்ளல். டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: இப்படித் தாளம் தப்பினால் இதயத்துக்குள் ரத்தம் உறையலாம்; அதில் ஒரு துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம். உறையாமலிருக்க இன்றே மாத்திரை தொடங்க வேண்டும்.

மாய்லிஸ் ரத்தம் கொடுக்கப் போனாள். குன்வோர் கருவியை மறுபடி சிக்ஸ்டன் கையில் வைத்தாள்.

"இன்னும் ரெண்டு வாரம். இந்தத் தடவை உங்க விரல் மட்டும்தான். உங்க சோம்பேறித்தனம் இன்னிக்கு அவங்களைக் காப்பாத்திருச்சு. அதுக்காக உங்களைப் பாராட்ட முடியாது."

"வேண்டாம்," என்றார் சிக்ஸ்டன். கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மூணு மாசமா சாயங்காலம் டிவி பார்க்கும்போது அவ கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்றேன். நாடி முன்னே பின்னே ஓடுது. டாக்டர்கிட்ட போலாம்னா சண்டைக்கு வந்துடுவா. அவளுக்குன்னு சொன்னா எதுக்கும் அசையமாட்டா, குன்வோர். எனக்குன்னு சொன்னாத்தான் கையை நீட்டுவா."