தொடரட்டுமா, நிறுத்தட்டுமா

‘நிறுத்து’ என்ற பொத்தானை மட்டும் கொஞ்சம் சின்னதாக்க முடியுமா என்று ஜிம் மாஸ்டர் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் முடியாது என்று தலையாட்டினார். இரண்டு பொத்தானும் ஒரே அளவு, ஒரே நிறம். கார்டு கம்பெனியின் புது விதி அப்படி.

அந்தப் பெண் வேலை பார்ப்பது ஒரு சின்னக் கம்பெனியில். கடைக்காரர்களுக்கும் கார்டு கம்பெனிக்கும் நடுவில் இருந்துகொண்டு, வாடிக்கையாளரின் கார்டிலிருந்து பணத்தை வாங்கி உரியவரிடம் சேர்ப்பது அதன் தொழில். மேலே இருப்பவர்கள் விதியை மாற்றினால் கீழே இருப்பவர்களிடம் திட்டு வாங்குவதும் அந்தத் தொழிலில் அடக்கம். அதற்கென்றே சம்பளம் வாங்குபவர் இந்தப் பெண்.

போன விதிக்கு மருந்துக்கடைக்காரர் வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார். அதற்கு முந்தைய விதிக்கு ஒரு நடன ஆசிரியை வந்து அழுதார். இந்த விதிக்கு மாஸ்டர்.

விதி இதுதான். மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் எந்தக் கடையும் இனிமேல் ஆளைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. ‘இந்த ஜிம்முக்கு உங்கள் கார்டிலிருந்து மாதாமாதம் பணம் போகிறது. தொடரட்டுமா, நிறுத்தட்டுமா?’ என்று ஒரு மெசேஜ் போக வேண்டும்.

மாஸ்டரைப் பயமுறுத்தியது அந்த முதல் வாக்கியம்தான். போவது தெரியாததால்தான் பணம் போய்க்கொண்டிருந்தது.

முந்நூறு பேர். ஏதோ ஒரு வேகத்தில் சேர்ந்து, நாலு நாள் வந்து, உடம்பு வலிக்கிறது என்று நின்றுபோனவர்கள். கடைசியாக ஒரு ஆளின் வியர்வையை எப்போது பார்த்தோம் என்பது மாஸ்டருக்கே நினைவில்லை. அந்த முந்நூறு பேரின் மறதியில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

ஜிம்மின் பெயரை விட்டுவிட்டு அனுப்பலாமா என்று கேட்டுப் பார்த்தார். கூடாது. நள்ளிரவில் அனுப்பினால் தூக்கக் கலக்கத்தில் சரி என்று அழுத்திவிடுவார்களே என்றார். அதுவும் கூடாது, பகலில்தான் போக வேண்டும். அவர் யோசித்த ஒவ்வொரு குறுக்கு வழிக்கும் விதியில் ஒரு வரி இருந்தது. மாஸ்டரைப் போல ஒருவரை வேலைக்கு வைத்துத்தான் அதை எழுதியிருக்க வேண்டும்.

“ஞாபகப்படுத்தினா எல்லாரும் போயிடுவாங்க மேடம். என் பொழப்பே போயிடும்.”

குரல் நிஜமாகவே உடைந்தது. அந்தப் பெண்ணுக்குப் பாவமாக இருந்தது. பாவம் பார்க்க விதியில் இடம் இல்லை. அனுப்பிவிட்டார்.

திரையில் இரண்டு எண்கள் வந்தன. இடப்பக்கம் நிறுத்து, வலப்பக்கம் தொடர். இரண்டும் பூஜ்யம்.

நிறுத்து, ஒன்று என்று காட்டியது.

மாஸ்டர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். வீட்டுக் கடன், மகளின் காலேஜ், மாமனாரின் முகம் எல்லாம் வரிசையாக வந்து போயின. மாமனாரின் முகம்தான் போக மறுத்தது.

கண்ணைத் திறந்தபோது நிறுத்து ஒன்பதோடு நின்றிருந்தது. தொடர் இருநூறைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைக் கேட்டால், நிறுத்து என்று அழுத்துவதற்குத் துணிச்சல் வேண்டும். சொந்தத் தொப்பையிடம் தோற்றுவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது அது. மெசேஜைப் பார்த்தவர் குனிந்து வயிற்றைப் பார்க்கிறார், ரோஷம் பொத்துக்கொண்டு வருகிறது, தொடர் என்று ஓங்கி ஒரு அழுத்து அழுத்துகிறார்.

மாஸ்டர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். காலையிலிருந்து சபித்துக்கொண்டிருந்த கார்டு கம்பெனி நன்றாக இருக்க வேண்டும் என்று சத்தமாகவே வாழ்த்தினார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அறையில் ஒரு கடைக்காரர் நன்றி சொல்லி அவர்கள் கேட்டதே இல்லை.

அந்தப் பெண் கொஞ்சம் வெட்கத்தோடு, மேசைக்கு அடியிலிருந்து ஒரு ஜோடி புது ஷூவை எடுத்துக் காட்டினார்.

“நானும் உங்க ஜிம்தான் மாஸ்டர். சேர்ந்ததோட சரி, அந்தப் பக்கமே வரல. சொல்லக் கூச்சமா இருந்துச்சு. இன்னைக்கு சாயங்காலம் கண்டிப்பா வரேன்.”

மாஸ்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. திரையைப் பார்த்தார். தொடர், இருநூற்றுத் தொண்ணூறு. அந்த இருநூற்றுத் தொண்ணூறு பேரும் என்ன நினைத்துக்கொண்டு அழுத்தியிருப்பார்கள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

செல்போன் அடித்தது. மனைவி. ஜிம்முக்கு வரும் போன்களை எடுப்பது அவர்தான்.

“என்னங்க, ஆளாளுக்கு போன் பண்ணி இன்னைக்கே ஜிம்முக்கு வரேங்கறாங்க. நான் என்னன்னு சொல்றது? மிஷினையெல்லாம் வித்துட்டு, ஹாலை மெத்தைக் கடைக்கு வாடகைக்கு விட்டு வருஷம் ஒண்ணாச்சே!”

மாஸ்டர் சட்டென்று போனைக் கையால் பொத்திக்கொண்டார். எதிரே அந்தப் பெண், சாயங்காலம் வரை எதற்குக் காத்திருப்பது, மதிய இடைவேளையிலேயே ஜிம்முக்கு ஒரு நடை போய்விட்டு வந்துவிடலாம் என்று ஷூ நாடாவை முடிந்துகொண்டிருந்தார்.