திருப்பிப் போட்ட ரவிக்கை

பிலோமியும் அவள் அண்ணி ஜெசிந்தாவும் நடத்திய இணையக் கடையில் நைட்டி முதல் தலையணை உறை வரை நூற்றெண்பது பொருள்கள் இருந்தன. "எல்லாருக்கும் ஏதாவது இருக்கணும் அண்ணி, அப்பதான் ஓடும்" என்பாள் பிலோமி. ஒன்றும் ஓடவில்லை. அன்று வெளிச்சம் நன்றாக இருக்கிறதென்று புது ரவிக்கைகளை மொட்டைமாடிக் கொடியில் தொங்கவிட்டுப் படமெடுத்தவள், சாயம் வெளுக்காமலிருக்க உட்புறம் திருப்பிக் காயப்போட்டிருந்த ஜெசிந்தாவின் சொந்த ரவிக்கையையும் சேர்த்துக் கடையில் ஏற்றிவிட்டாள். அதன் உள்ளே, இடப்பக்கத்தில் ஒரு பை இருந்தது. புற்றுநோய்க்காக மார்பை எடுத்த பிறகு, அந்த இடத்தில் பஞ்சு வைத்துக்கொள்ள ஜெசிந்தா தானே தைத்தது. வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. மறுநாள் படத்தைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அதை எடுத்துரு, இப்பவே எடு" என்று கத்தினாள். பிலோமி எடுக்கவில்லை. போனை நீட்டினாள். எங்கெங்கிருந்தோ பதினொரு பெண்கள் எழுதியிருந்தார்கள். கடைசியாக வந்தது: "அக்கா, எனக்கு வலது பக்கம். தைச்சுத் தருவீங்களா?" ஜெசிந்தா அதை மூன்று முறை படித்தாள். பிறகு உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரையும் நிதானமாகக் குடித்து முடித்தாள். "மத்ததையெல்லாம் எடுத்துரு."

"நூத்தெண்பதையுமா? அப்புறம் யாரு அண்ணி வாங்குவா?"

ஜெசிந்தா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். மேசையில் துணியை விரித்து, வலப்பக்கத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு இழுத்தாள்.