இரண்டு சங்குகளுக்கு நடுவே

நண்டு ஒன்று காலிச் சங்குக்குள் குடியிருந்தது. உடம்பு பெருக்கப் பெருக்கச் சங்கு இறுக்கியது. அந்த வகை நண்டுகள் வீடு மாறும் விதம் எளிது. பெரிய சங்கு கிடைத்ததும் ஒரே தாவலில் உள்ளே போய்விடும். பிடிக்காவிட்டால் மறு தாவலில் பழையதற்கே திரும்பிவிடும்.

அன்று பெரிய சங்கு ஒன்று கரை ஒதுங்கியது.

"சீக்கிரம் தாவு," என்றது பக்கத்தில் இருந்த நத்தை.

"இரு, இரு. நான் சேர்த்து வச்சதெல்லாம் இதுல இருக்கே!"

மேலே ஒட்டிவைத்திருந்த பவளத் துண்டைப் பிய்த்துப் புதுச் சங்கில் ஒட்டியது நண்டு. பாசி இல்லாமல் பவளம் நிற்கவில்லை; பாசியையும் பெயர்த்து வந்து ஒட்டியது. மணல் இல்லாமல் பாசி நிற்கவில்லை. மணலோ பழைய சங்கின் உள்சுவரில் இருந்தது. அதைச் சுரண்ட நண்டு வெளியே வந்தது. சுரண்டியதை எல்லாம் புதுச் சங்குக்குள் அப்பியது.

பிறகு ஒன்றில் நுழைந்து பார்த்தது. இறுக்கியது. மற்றதில் நுழைந்தது. அதுவும் இறுக்கியது. ஒன்று பாசி படிந்து பழையதுபோல் கிடந்தது, இன்னொன்று சுரண்டியதில் புதிதுபோல் பளபளத்தது.

"ஏம்ப்பா நத்தை, இதுல புதுசு எது?"

"மாத்தினது நீ, என்னைக் கேக்குறியே?"

மணலில் ஒரு நிழல் ஓடியது. நத்தை சட்டென்று ஓட்டுக்குள் சுருங்கிக்கொண்டது. நண்டு இரண்டு சங்குகளுக்கும் நடுவே அம்மணமாக நின்று யோசித்தது.

மேலே வட்டமடித்த பருந்துக்கு ஒரு குழப்பமும் இல்லை.